மாதிரி வீடு கட்டுவோம்
மாணவர் பாடப் பகுதி



"மாதிரி வீடு ஒன்று செய்து வாருங்கள்" என்பது வளைகுடா நாடுகளில் எம் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளில் அடிக்கடி கொடுக்கப்படும் செயற்றிட்டம். சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முதல்நாள் இரவு அப்பா கடைக்கு ஓடுவார். அம்மா வர்ணத்தாள் ஒட்டுவார். பிள்ளை பஞ்சை உருட்டி முகில் செய்யும். விடிந்ததும் வீடு தயார். ஆனால் அந்த வீட்டின் வாசற்கதவை விட முற்றத்து ரோசாச்செடி உயரமாக இருக்கும். வெளியே நிற்கும் கார் இரண்டு அறைகளை அடைத்துவிடும். பார்க்க அழகாக இருந்தாலும் அது அலங்காரப் பொருளே தவிர மாதிரி அன்று.

மாதிரி என்பதற்கு ஒரேயொரு விதிதான் உண்டு. உண்மை வீட்டின் எல்லா அளவுகளும் ஒரே எண்ணால் வகுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த விதியைக் காத்தால் உங்கள் மட்டை வீடு ஒரு சான்றுப் பத்திரத்துக்குச் சமம். வீடு இல்லாமற்போன பின்பும் அதை அளந்து திரும்பக் கட்டலாம். இந்தப் பாடத்தில் அதனைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. அளவிடை என்றால் என்ன?

பாடசாலையில் "ஸ்கேல்" என்று படிப்பதையே தமிழில் அளவிடை என்கிறோம். 1:50 என்ற அளவிடையில் உண்மை வீட்டின் 50 சென்ரிமீற்றர், மாதிரியில் 1 சென்ரிமீற்றர் ஆகும். வீட்டு மாதிரிகளுக்கு 1:50 மிகவும் வசதியானது. ஏனெனில் கணக்கு இலகு: மீற்றரில் உள்ள அளவை 20ஆல் பெருக்கினால் மாதிரியின் மில்லிமீற்றர் கிடைக்கும்.

கதவின் உயரம் 2 மீற்றர் – மாதிரியில் 40 மில்லிமீற்றர்
அறையின் அகலம் 3 மீற்றர் – 60 மில்லிமீற்றர்
சுவரின் தடிப்பு அரை மீற்றர் – 10 மில்லிமீற்றர்
1.70 மீற்றர் உயரமான மனிதர் – 34 மில்லிமீற்றர்

முதலில் அந்த 34 மில்லிமீற்றர் மனிதரை மட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். அவரால் கதவுக்குள் நுழைய முடிகிறதா, திண்ணையில் இருக்க முடிகிறதா, படி ஏற முடிகிறதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் பாருங்கள். பிழையை அவரே காட்டிக் கொடுப்பார்.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று. நீளம் 50இல் ஒன்றானால் பரப்பளவும் 50இல் ஒன்று ஆகாது. நீளமும் அகலமும் தனித்தனியே குறைவதால் பரப்பளவு 50 x 50, அதாவது 2,500இல் ஒன்றாகும். உயரமும் குறைவதால் கனவளவு 1,25,000இல் ஒன்றாகும். கூரைமேல் இருக்கும் 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கியை எடுங்கள். 1:50 மாதிரியில் அதற்குள் 8 மில்லிலீற்றர் தண்ணீர்தான் பிடிக்கும். ஒன்றரைத் தேக்கரண்டி என்று சொல்லலாம். நம்ப முடியாவிட்டால் 2 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சிறு பெட்டி செய்து அளந்து பாருங்கள்.

2. கல்லில் நிற்கும் குடிசை

மாதிரி செய்வது எமக்குப் புதிய வித்தை அன்று. மாமல்லபுரத்தின் ஐந்து இரதங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில், நின்ற பாறையைக் குடைந்தும் செதுக்கியும் செய்தவை அவை. ஐந்தும் ஐந்து வகைக் கட்டடங்களின் வடிவம். திரௌபதி இரதம் ஓலை வேய்ந்த குடிசை போன்றது. பீம இரதம் வளைந்த நீள்கூரை கொண்ட மண்டபம். அந்தக் காலத்து ஓலைக் குடிசையும் மரக் கூரையும் உக்கி மண்ணாகி 1,300 ஆண்டுகள் ஆகின்றன. அவை எந்த வடிவில் இருந்தன என்பதை இன்று நாம் அறிவதற்குக் கல்லில் செய்த அந்த மாதிரிகளும் காரணம்.

கோபுரத்தையும் அடுத்த முறை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் வரிசையாக நிற்கும் சிறு கட்டட வடிவங்களைச் சிற்ப நூல்கள் கூடம், சாலை, பஞ்சரம் எனப் பெயரிட்டு அழைக்கின்றன. சதுரமானது கூடம், நீண்டது சாலை. கோபுரம் என்பதே சிறு வீடுகளை அடுக்கிக் கட்டிய பெரு வீடு. ஸ்தபதிகளின் அளவு முறையில் 8 யவை ஓர் அங்குலம், 24 அங்குலம் ஒரு முழம். கோலும் கயிறும் கொண்டு அவர்கள் செய்ததை நீங்கள் அடிமட்டமும் பென்சிலும் கொண்டு செய்யப் போகிறீர்கள்.

3. எந்த வீட்டைச் செய்வது?

படத்தில் கண்ட ஐரோப்பிய வீட்டைச் செய்வதை விட, நேரே போய்த் தொட்டு அளக்கக்கூடிய ஒன்றை எடுப்பது நல்லது. டுபாயில் இருப்போருக்கு அது அருகிலேயே இருக்கிறது. பர் டுபாயில் கடற்கழியின் ஓரமாக உள்ள அல் ஃபஹீதி வரலாற்றுக் குடியிருப்பே அது. முன்பு பஸ்தகியா எனப்பட்டது. 2024இல் ஜெபல் அலிக்கு இடம் மாறிய சிவன் கோயில் முன்பு இருந்த ஒழுங்கையிலிருந்து நடந்தே போகலாம். அங்குள்ள ஒடுங்கிய பாதைகளைச் சிக்கா என்பார்கள். எங்கள் ஊர் ஒழுங்கையேதான். இருபுறமும் உயர்ந்த சுவர், நடுவே நிழல்.

தென் ஈரானின் பஸ்தக் பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்து குடியேறிய வணிகர்கள் கட்டிய வீடுகள் இவை. சொந்த ஊரின் காற்றுக் கோபுரத்தையும் கையோடு கொண்டு வந்தார்கள். பாரசீகத்தில் பாத்கீர் எனப்படுவது இங்கே பர்ஜீல் ஆயிற்று. சுவர் முருகைக்கல். பூச்சு ஜிப்சம். கூரைக்குக் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து பாய்க்கப்பல்களில் வந்த கண்டல் மரத்தடிகள். இங்குள்ளோர் அவற்றைச் சந்தல் என்பர். அந்தத் தடி எட்டும் தூரம்தான் அறையின் அகலம். ஆகவே அறைகள் 3 மீற்றர் அளவில் ஒடுங்கி, நீளத்தில் மட்டும் வளர்ந்தன. ஒரு வீட்டின் அளவை வீட்டுக்காரரின் விருப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை, கையில் கிடைத்த மரமும் தீர்மானிக்கிறது.

சார்ஜாவில் இருப்போர் மித்ஃபா மஜ்லிஸில் உள்ள உருண்டைக் காற்றுக் கோபுரத்தைப் பார்க்கலாம். மற்றவை சதுரமாக இருக்க அது மட்டும் உருளை. பஹ்ரெய்னில் இருப்போருக்கு முஹர்ரக்கில் ஷேக் ஈசா பின் அலி வீடு உண்டு.

இவையெல்லாம் தாமாகத் தப்பி நிற்கவில்லை. 1980களில் பஸ்தகியாவின் ஏறக்குறையப் பாதி இடிக்கப்பட்டது. அங்கே குடியிருந்த ரெய்னர் ஒட்டர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் மீதியைக் காப்பாற்றக் குரல் கொடுத்தார். 1989இல் அங்கு வந்து பார்த்த அன்றைய இளவரசர் சார்ள்ஸும் அதையே வலியுறுத்தினார். அதற்கும் முன்னரே, ஆன் கோல்ஸ் என்ற புவியியலாளரும் பீற்றர் ஜக்சன் என்ற கட்டடக் கலைஞரும் காற்றுக் கோபுர வீடொன்றை ஆராய்ந்து 1975இல் வெளியிட்டிருந்தார்கள். இடிபடும் என்று தெரியுமுன்பே யாரோ ஒருவர் நாடாவை விரித்து அளந்து வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் அதற்கு வருவோம்.

4. பயிற்சி வீடும் கணக்குச் சரிபார்ப்பும்

பாடத்துக்காக நாம் ஒரு வீட்டை வகுத்துக்கொள்வோம். வெளி அளவு 15 மீற்றருக்கு 12 மீற்றர். நடுவே 5 மீற்றருக்கு 4 மீற்றர் திறந்த முற்றம். சுவர்கள் அரை மீற்றர் தடிப்பு. அறைகள் 3 மீற்றர் அகலம். முற்றத்தின் கிழக்கிலும் மேற்கிலும் மட்டும் 1 மீற்றர் விறாந்தை. ஒரு மூலையில் நிலத்திலிருந்து 12 மீற்றர் உயரமான காற்றுக் கோபுரம்.

மட்டையை வெட்டுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். மேற்கிலிருந்து கிழக்காக: சுவர் 0.5, அறை 3, சுவர் 0.5, விறாந்தை 1, முற்றம் 5, விறாந்தை 1, சுவர் 0.5, அறை 3, சுவர் 0.5. கூட்டினால் 15. சரி. வடக்கிலிருந்து தெற்காக: 0.5, 3, 0.5, முற்றம் 4, 0.5, 3, 0.5. கூட்டினால் 12. சரி.

கணக்காளர் தொழில் செய்யும் நாம் இதை ஐந்தொகை என்போம். இரண்டு பக்கமும் ஒத்து வராத ஐந்தொகையில் எங்கோ ஒரு பதிவு விடுபட்டிருக்கும். வீட்டிலும் அப்படியே. பெரும்பாலும் விடுபடுவது சுவரின் தடிப்பு. அறைகளை மட்டும் கூட்டிவிட்டுச் சுவர்களை மறந்தால் இந்த வீட்டில் 2 மீற்றர் காணாமற்போகும்.

5. செய்முறை

வேண்டியவை: அடிமட்டம், மூலைமட்டம், பென்சில், வெட்டும் கத்தி, வெள்ளைப் பசை, பல்லுக்குச்சிகள், 5 மில்லிமீற்றர் தடிப்பான நுரைமட்டை அல்லது பலசரக்குக் கடையில் கிடைக்கும் பழைய பெட்டி மட்டை. கத்தி பெரியவர்களின் கையில் இருக்கட்டும். அளப்பதும் கோடு போடுவதும் பிள்ளையின் வேலை. இந்த வேலைப் பிரிவைப் பெற்றோர் தயவுசெய்து மாற்ற வேண்டாம்.

(அ) வீட்டின் தரைப்படத்தை 300 மில்லிமீற்றருக்கு 240 மில்லிமீற்றர் அளவில் தாளில் வரைந்து அடிமட்டையில் ஒட்டுங்கள். சுற்றிவர இடம் விடுங்கள்.

(ஆ) 5 மில்லிமீற்றர் மட்டை இரண்டை ஒட்டினால் 10 மில்லிமீற்றர். அதுவே அரை மீற்றர்ச் சுவர். நிறுத்துமுன் கதவு, யன்னல்களை வெட்டிவிடுங்கள். நிறுத்திய பின் வெட்டினால் சுவர் மடியும்.

(இ) உட்சுவர்களை முதலில், வெளிச்சுவர்களைப் பின்னர் ஒட்டுங்கள். ஒவ்வொரு மூலையிலும் மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள்.

(ஈ) பல்லுக்குச்சி ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்பு. 1:50இல் அது 10 சென்ரிமீற்றர் மரத்தடி. சந்தல் கூரைக்கு அளவாகவே இருக்கும். கூரையை ஒட்டாமல் கழற்றக்கூடியதாக வையுங்கள். ஆசிரியர் உள்ளே பார்க்க விரும்புவார்.

(உ) கோபுரத்தின் அடி 60 மில்லிமீற்றர்ச் சதுரம், உயரம் 240 மில்லிமீற்றர். உச்சியில் நான்கு பக்கமும் திறப்பு. உள்ளே மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு தடுப்புகள், மேலிருந்து பார்த்தால் பெருக்கல் குறி போல. கீழே அறைக்குள் திறக்க வேண்டும்.

வளைகுடாவுக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். நாம் ரெஜிபோம் என்றும் இந்திய நண்பர்கள் தெர்மோகோல் என்றும் சொல்லும் வெள்ளை நுரையில், கரைப்பான் கலந்த பசையைப் பூசினால் நுரை கரைந்து குழியாகும். வெள்ளைப் பசையே நல்லது. அடுத்தது, வெயிலில் நிறுத்திய காருக்குள் மாதிரியை விட்டுச் செல்லாதீர்கள். துப்பாக்கியால் ஒட்டிய சூட்டுப்பசை அந்த வெக்கையில் இளகிச் சுவர்கள் சாயும்.

6. சிறிதாக்க முடிவதும் முடியாததும்

காற்றுக் கோபுரம் வேலை செய்வதைப் பார்க்க ஒரு சிறு சோதனை. பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, மேசை விசிறியைக் கோபுரத்தின் ஒரு பக்கமாக மெதுவாகச் சுழலவிட்டு, ஊதுபத்தியின் புகையை உச்சிக்கு அருகில் பிடியுங்கள். காற்று அடிக்கும் பக்கத்துத் திறப்பால் புகை கீழிறங்கி அறைக்குள் வரும். எதிர்ப்பக்கத் திறப்பு அறையின் காற்றை இழுத்து வெளியேற்றும். தடுப்புகள் இல்லாவிட்டால் ஒரு பக்கத்தால் வந்த காற்று மறுபக்கத்தால் நேரே போய்விடும். தடுப்பை எடுத்தும் வைத்தும் பாருங்கள். மின்சாரம் வருவதற்கு முன் இந்தக் கரையோர மக்கள் கோடையைக் கடந்த முறைகளில் இதுவும் ஒன்று.

ஆனால் மாதிரிக்குள் எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்து உண்மை வீட்டைக் கணிக்கக்கூடாது. மேற்பரப்பு 2,500இல் ஒன்றாகவும் கனவளவு 1,25,000இல் ஒன்றாகவும் குறைந்தன அல்லவா? ஆகவே மாதிரிக்குள் இருக்கும் ஒவ்வொரு அளவு காற்றுக்கும் 50 மடங்கு கூடுதலான மேற்பரப்பு இருக்கிறது. அது விரைவாகச் சூடேறி விரைவாக ஆறும். வடிவத்தைச் சிறிதாக்கலாம். காற்றையும் சூட்டையும் அப்படிச் சிறிதாக்க முடியாது. இதை ஒரு வசனமாக எழுதி மாதிரியின் பக்கத்தில் வைத்தால் ஆசிரியர் மகிழ்வார்.

7. இல்லாத வீட்டை அளப்பது எப்படி?

நடுவில் முற்றம், சுற்றிவர அறைகள், தெருவுக்கு முதுகு காட்டிய சுவர் என்று டுபாய் வீட்டைப் பார்த்த எங்கள் வீட்டு அப்பப்பாவோ அம்மம்மாவோ, "இது எங்கட நாற்சார் வீடு போல இருக்கு" என்று சொல்லக்கூடும். சொன்னால் விட்டுவிடாதீர்கள், பென்சிலை எடுங்கள். பேரீச்சை ஓலையால் இங்கு கட்டிய பரஸ்தி வீட்டுக்கும் எங்கள் கிடுகு வேலிக்கும், இங்குள்ள முருகைக்கல் சுவருக்கும் நெடுந்தீவின் முருகைக்கல் மதிலுக்கும் உறவு உண்டு. வெயிலும் கடலும் உள்ள இடத்தில் மனிதர் கண்டுபிடித்தவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. அல் ஃபஹீதி வீட்டை நாளைக்கும் போய் அளக்கலாம். எங்களில் பலரின் வீடுகளை அளக்க முடியாது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டுப் புறப்பட்டவர்களும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும் எம் கோயில் குடும்பங்களில் இருக்கிறார்கள். அன்று எமக்கு உங்கள் வயது. 2009இல் போர் முடிந்து, உயர் பாதுகாப்பு வலயக் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டபோது போய்ப் பார்த்தவர்களில் பலருக்கு வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடுதான் கிடைத்தது. உறுதியில் காணியின் எல்லை இருக்கிறது, பரப்புக் கணக்கு இருக்கிறது. முற்றம் எத்தனை அடி, அடுப்படி எந்தப் பக்கம் என்பது எந்த உறுதியிலும் இல்லை. அது இப்போது சில முதியவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது.

நினைவை அளக்கவும் வழி உண்டு. "அறை எத்தனை மீற்றர்?" என்று கேட்டால் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்:

"கலியாண வீட்டில் விறாந்தையில் ஒரு பந்திக்கு எத்தனை பேர் இருந்தார்கள்?" ஒருவருக்கு 2 அடி வைத்தால் 10 பேருக்கு 20 அடி.

"அறைக்குள் எத்தனை பாய் விரிப்பீர்கள்?" இப்போது வீட்டில் உள்ள பாயை அளந்தால் அறையின் அகலம் வரும்.

"கதவு நிலை அப்பப்பாவின் தலையில் தட்டுமா?" அவர் உயரம் தெரிந்தால் நிலையின் உயரம் தெரியும்.

முழத்தில் சொன்னால் முழத்திலேயே எழுதுங்கள். பொதுவாக ஒரு முழம் ஒன்றரை அடி. "என்ர கையால எட்டு முழம்" என்று அம்மம்மா சொன்னால், அவருடைய கையையே முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்துகொள்ளுங்கள். அடிக் கணக்கில் உள்ள வீட்டுக்கு 1:48 என்ற அளவிடை வசதி. ஒரு அடிக்குக் கால் அங்குலம். 12 அடி அறை 3 அங்குலமாகும்.

ஓட்டுக் கூரைக்குப் பைதகரஸ் உதவுவார். சுவரிலிருந்து முகட்டுக்கு நேர்கீழ் வரை 2 மீற்றர், முகட்டின் உயரம் ஒன்றரை மீற்றர் என்றால், சாய்ந்த பக்கம் இரண்டரை மீற்றர். மாதிரியில் 40, 30, 50 மில்லிமீற்றர்.

எல்லாவற்றிலும் முக்கியமானது குறிப்புப் புத்தகம். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். நாமே அளந்தது "அ". கேட்டு எழுதியது "கே", சொன்னவரின் உறவுமுறையோடு. ஊகித்தது "ஊ". பற்றுச்சீட்டு இல்லாத செலவைக் கணக்கில் ஏற்ற மாட்டோம் அல்லவா? அதே ஒழுங்குதான் இது. மாமா 10 அடி என்றும் அம்மம்மா 12 அடி என்றும் சொன்னால், கூட்டிப் பாதியாக்கி 11 என்று எழுதாதீர்கள். 11 என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டையும் எழுதிவிட்டு மூன்றாவது சான்று தேடுங்கள். அந்த அறையில் 6 அடிக் கட்டிலும் அலுமாரியும் எப்படிக் கிடந்தன என்று கேட்டால் பெரும்பாலும் உண்மை வெளியே வரும். இருவரையும் தனித்தனியே கேட்பது நல்லது. முரண்பட்டால் சண்டை வேண்டாம், இன்னுமொருவரைக் கேளுங்கள்.

தெரியாத அறையை வெறுமையாக விடுங்கள். சுவர் மட்டும் நிற்கட்டும். வெறுமையாக விட்ட இடத்தைப் பார்த்து அவுஸ்திரேலியாவிலோ கனடாவிலோ இருக்கும் ஒரு சித்தப்பா, "அது நெல்லு வைக்கிற அறையெல்லே" என்று சொல்ல இடமிருக்கும். அழகுக்காக நிரப்பிவிட்டால் பிறகு யாரும் திருத்த மாட்டார்கள்.

நாம் இங்கே வாடகை வீட்டில், விசாவின் காலத்தோடு வாழ்பவர்கள். பெட்டியில் கொண்டு போகக்கூடியதையே சேர்க்கிறோம். 30 சென்ரிமீற்றர் வீடு பெட்டிக்குள் அடங்கும். மட்டை உடைந்தாலும் குறிப்புப் புத்தகம் இருக்கும்வரை இன்னொன்று செய்யலாம்.

8. பயிற்சிகள்

(1) 90 சென்ரிமீற்றர் அகலமும் 120 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள யன்னல் 1:50இல் எவ்வளவு?
(2) விறாந்தையில் ஒரு பந்திக்கு 9 பேர். ஒருவருக்கு 2 அடி. 1:48 மாதிரியில் விறாந்தையின் நீளம் என்ன?
(3) 3 மீற்றர் அகலம், 4 மீற்றர் நீளம், 3 மீற்றர் உயரமுள்ள அறையின் கனவளவு 1:50 மாதிரியில் எத்தனை கன சென்ரிமீற்றர்?
(4) 2 மீற்றர் விட்டமுள்ள உருண்டைக் கோபுரத்தை 1:50இல் செய்ய எவ்வளவு நீளமான தாள் வேண்டும்?
(5) உங்கள் வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் அவர் பிறந்த வீட்டைப் பற்றிப் பத்து அளவுகள் கேட்டு, "அ", "கே", "ஊ" குறியோடு எழுதுங்கள்.

விடைகள்: (1) 18 மில்லிமீற்றருக்கு 24 மில்லிமீற்றர். (2) 18 அடி. மாதிரியில் நாலரை அங்குலம். (3) 288. (4) ஏறக்குறைய 126 மில்லிமீற்றர்; ஒட்டுவதற்கு மேலும் சிறிது விடவும். (5) விடை உங்கள் வீட்டில் இருக்கிறது. இந்த வாரமே கேளுங்கள்.

பாடசாலையில் புள்ளி வாங்கிய பின் மாதிரியைக் குப்பையில் போடவேண்டாம். நவராத்திரிக் கொலுவின் அடிப்படியில் வையுங்கள். வருவோர் பார்ப்பார்கள், கேட்பார்கள், திருத்துவார்கள். திருத்தங்களைக் குறிப்புப் புத்தகத்தில் திகதியோடு எழுதி வையுங்கள்.